பருத்திமாரும் பன்னாடையும் காசாகுமா?

கேள்வி: எனக்குக் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. மூன்று ஏக்கரில் தென்னை, ஒன்றில் வாழை. மிச்சம் இருக்கும் ஒரு ஏக்கரில் தண்ணீரைப் பார்த்து நெல்லோ பருத்தியோ போடுவேன். பருத்தி எடுத்து முடிந்ததும் மாரைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைக்கிறோம். வாழைத்தார் வெட்டியபின் தண்டைத் தூக்கி வரப்போரம் போட ஆள்கூலி தனி. தென்னையில் மட்டை, பாளை, பன்னாடை என்று குப்பை குவிந்துகொண்டே இருக்கிறது. என்ஜினியரிங் படித்த என் மகன், "இதெல்லாம் பயோமெட்டீரியல்ப்பா, பிளாஸ்டிக்குக்குப் பதிலா இனிமே இதுதான். ஒரு மெஷின் வாங்கிப் போட்டாப் போதும்" என்கிறான். மெஷின் விற்கிறவர்களும் தினம் போனில் கூப்பிடுகிறார்கள். நம் ஊரிலேயே கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறதாம். கடன் வாங்கி இறங்கலாமா? எந்தக் கழிவை நம்பி இறங்கலாம்? வைக்கோலையும் சேர்த்துக்கொள்ளலாமா?

— ஒரு விவசாயி, கிருஷ்ணன்கோவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வைக்கோலைத் தொடாதீர்கள். பஞ்சாபில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் கிடைப்பது மூன்று வாரம். மாட்டுக்குக் கோதுமை வைக்கோல் இருக்கிறது. அதனால் நெல்தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். நம் பக்கம் நிலைமை வேறு. அறுவடை மெஷின் வயலை விட்டு ஏறியதும் வைக்கோல் கட்டும் மெஷின் இறங்கிவிடுகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அடிப்படை பால். அந்தப் பாலுக்கு அடிப்படை இந்த வைக்கோல். நாலு பட்டறைக்காரர்கள் அட்டைக்கும் தட்டுக்கும் இதை வாங்க ஆரம்பித்தால் கட்டு விலை ஏறும். முதலில் அடிபடுவது இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற வீடு. சோளத்தட்டைக்கும் கடலைக்கொடிக்கும் இதே கணக்குதான்.

ஒரு பொருளைக் கழிவு என்று எழுதுவதற்கு முன்னால், இப்போது அதை யார் எடுத்துப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்ய இறங்கியபோது இந்தச் சிக்கலைத்தான் சந்தித்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் குப்பையில் கொட்டவில்லை. அதைத்தான் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சக்கையை வெளியே எடுக்க, ஆலைகளுக்கு மாற்று எரிபொருளும் நீராவியும் கிடைக்க வழி செய்து, அதற்கு ஈடாகச் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்குக் காகித நிறுவனம் வந்தது. கழிவிலிருந்து காகிதம் என்று ஒரே வரியில் படிக்கிறோம். உள்ளே இருப்பது ஒரு பண்டமாற்று ஒப்பந்தம்.

அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. சக்கையைத் தேடி யாரும் வயல் வயலாகப் போக வேண்டியதில்லை. கரும்பு தானாக ஆலைக்கு வந்து பிழிபட்டு, ஒரே இடத்தில் மலையாகக் குவிந்துவிடுகிறது. நெல் உமியும் அப்படித்தான். அரவை மில்லில் நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமியாக ஒதுங்குகிறது. அதை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. பக்குவமாக எரித்த உமிச்சாம்பலைக் கான்கிரீட்டில் கலக்க இந்தியத் தர விதியிலேயே இடம் இருக்கிறது. எங்கே சரக்கு தானாகக் குவிகிறதோ அங்கே தொழில் நிற்கிறது. எங்கே ஆள் வைத்துப் பொறுக்கி, வண்டி வைத்து இழுக்க வேண்டியிருக்கிறதோ அங்கே லாபம் டீசலில் போய்விடுகிறது. உங்கள் தோட்டத்துச் சரக்கை இந்த இரண்டு கண்ணாலும் பார்ப்போம்: ஏற்கெனவே அதற்கு ஆள் இருக்கிறதா, ஓரிடத்தில் குவிகிறதா?

அதற்கு முன் கொஞ்சம் ரசாயனம். வாழைத்தண்டு, தென்னை மட்டை, பருத்திமார் எல்லாவற்றிலும் அடிப்படைச் சரக்கு மூன்றுதான்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். வீட்டுத் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் உள்ளே ஓடும் கம்பி. லிக்னின் சுற்றி இறுகிய கான்கிரீட். ஹெமிசெல்லுலோஸ் இரண்டையும் பிடித்துவைக்கும் கட்டு. வாழைநாரில் செல்லுலோஸ் 60 சதவீதத்தைத் தாண்டும். அதனால் இழுவைக்கு நிற்கும், நூலாகத் திரியும், காகிதமாகும். தேங்காய் நாரில் லிக்னின் மட்டுமே 40 சதவீதத்தை ஒட்டி வரும். அதனால்தான் அது முரடு, அதனால்தான் மண்ணிலும் தண்ணீரிலும் சீக்கிரம் மக்குவதில்லை. அந்த முரட்டுத்தனத்தையே பயனாக்கி, தென்னைநார் விரிப்பைச் சாலையின் அடித்தளத்தில் போட 2020-ல் பிரதமரின் ஊரகச் சாலைத் திட்டத்தில் அனுமதி கொடுத்தார்கள். எந்தக் கழிவு எதற்கு லாயக்கு என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கலவை. மெஷின் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

இனி உங்கள் ஊர் ஆராய்ச்சிக்கு வருகிறேன். மகன் சொன்னது உண்மை. 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கத்தில் இயற்கை இழைக் கலப்புப்பொருள்கள் பற்றிப் பல வருடங்களாக வேலை நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது பன்னாடை ஆராய்ச்சி. ஆளைத் திட்டுவதற்கு மட்டுமே நாம் வாயில் வைத்திருக்கும் அதே பன்னாடைதான்.

ஒரு பன்னாடையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தடித்த இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். அவற்றின் மேல் எதிர்ப்பக்கம் சாய்ந்து இன்னோர் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் முடி போல மெல்லிய இழைகள் பின்னிக் கிடக்கும். தறியில் போடாமலே நெய்த துணி அது. வழக்கமாக இழையைக் கலப்புப்பொருளில் சேர்க்க வேண்டுமென்றால் பிரித்து, சீவி, நூற்று, பாயாக்க வேண்டும். பன்னாடைக்கு அந்த வேலை இல்லை. கிருஷ்ணன்கோவில் ஆய்வாளர்கள் 2010-களின் தொடக்கத்தில் இதை அளவாக வெட்டி, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, பாலியெஸ்டர் பிசினில் பதித்துத் தகடாக்கினார்கள். சிலவற்றில் பிசினோடு நுண்ணிய களிமண் துகளையும் சேர்த்தார்கள். இழுத்தும் வளைத்தும் அதிரவைத்தும் பார்த்தார்கள்.

காஸ்டிக் சோடா எதற்கு என்று கேட்பீர்கள். செடியின் இழை தண்ணீரை விரும்பும். பிசின் தண்ணீரை வெறுக்கும். இரண்டும் ஒட்டாது. இழையின் மேல் இருக்கும் மெழுகையும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியையும் சோடா கரைத்துவிட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, பிசின் பிடித்துக்கொள்ளும். அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேலையும் நடந்திருக்கிறது. புளியம்பழ ஓட்டைத் தூளாக்கி, அதன் மேல் தாமிர நுண்துகள்களை உருவாக்கி, கிருமியை எதிர்க்கும் நிரப்புப்பொருளாக்கும் முறை அது; 2020-ல் கட்டுரையாக வந்தது. புளி உடைக்கிற வீடுகளில் ஓடு என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஆய்வுக்கூடத் தகடு கடைக்கு வருவதற்கு இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. முதல் விஷயம், அந்தப் பாலியெஸ்டர் பிசின் பெட்ரோலியப் பொருள். பன்னாடை மக்கும், பிசின் மக்காது. இரண்டும் சேர்ந்த தகடு மக்கவும் செய்யாது, உருக்கி மறுபடி வார்க்கவும் வராது. அது கண்ணாடி இழைத் தகட்டுக்கு இலேசான மாற்றாக இருக்கலாம். அதைப் பசுமைப் பொருள் என்று முகத்தில் எழுதி விற்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டாவது, அளவு. ஒரு மரம் வருடத்துக்கு ஏறத்தாழ 12 மட்டை கழிக்கும். மட்டைக்கு ஒரு பன்னாடை. உங்கள் மூன்று ஏக்கரில் 200 மரம் என்றால் 2,400 துண்டு, அதிலும் கிழியாதது எத்தனையோ! மூன்றாவது, ஒரு மரத்துப் பன்னாடை மாதிரி இன்னொரு மரத்துப் பன்னாடை இருக்காது. கார் கதவின் உட்பக்கத் தகட்டுக்கு ஐரோப்பாவில் ஆளி, கெனாஃப் நார்களைப் போடுகிறார்கள். அந்தக் கம்பெனிகள் கேட்பது வலிமையைவிட ஒரே சீரான தரத்தை. அதைக் கொடுக்க ஒரு தோட்டத்தால் முடியாது; ஒரு வட்டாரமே சேர்ந்தால்தான் உண்டு. ஆக, பன்னாடையை நம்பிக் கடன் வேண்டாம். சேர்த்து வையுங்கள், மகனிடம் ஒரு மூட்டை கொடுத்துப் பல்கலைக்கழகத்தில் யாரைப் பார்க்கலாம் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிற ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளாதது நம்மவர்களின் பழைய வழக்கம்.

வாழைக்கு வருவோம். உங்களிடம் இருப்பதில் எனக்கு நம்பிக்கை உள்ள சரக்கு இதுதான். காரணம், இதற்கு இப்போது ஆள் இல்லை. தண்டை அப்புறப்படுத்த நீங்களே கூலி கொடுக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 1,000 வாழை, தண்டு ஒன்று 20 கிலோ என்று வைத்தாலும் 20 டன். ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காய்ந்த நாராகக் கையில் நிற்பது 200 முதல் 300 கிலோ. எனவே தண்டை டிராக்டரில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவது தண்ணீரை வாடகைக்கு வண்டி பிடித்து இழுப்பது. மெஷின்தான் தோட்டத்துக்கு வர வேண்டும். தண்டை உரித்து, பட்டையை நீளவாக்கில் கீறி, சுழலும் உருளையில் ஒரு முனையைக் கொடுத்தால் மழுங்கிய தகடுகள் சதையைச் சுரண்டித் தள்ளும். இழுத்து, மறுமுனையைக் கொடுக்க வேண்டும். கையில் வருவது ஈரமான, வெளிறிய மஞ்சள் இழை. உடனே அலசிக் கொடியில் போட்டால் பளபளப்பு நிற்கும். வெட்டிய தண்டை நாள்கணக்கில் போட்டுவைத்து எடுத்தால் நார் பழுப்பேறி விலை போகாது. சாறு பட்ட வேட்டியைத் தூக்கிப்போட வேண்டியதுதான், அந்தக் கறை போகாது.

நார் போக மீதி 19 டன்னுக்கும் மேலே சக்கையும் சாறும். இதை யாரும் விளம்பரத்தில் காட்டுவதில்லை. குஜராத்தில் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் அந்தச் சாற்றைச் செறிவூட்டித் திரவ உரமாக்கும் முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் பெற்றிருக்கிறது. சக்கை மண்புழு உரத்துக்கு நல்ல தீனி. நடுத்தண்டு சமையலுக்கு. இந்த மூன்றையும் சேர்த்துக் காசாக்கினால்தான் ஓரளவு கட்டுபடியாகும். நாரை மட்டும் நம்பினால் கூலிக்கே பற்றாது என்பது என் கணிப்பு.

மதுரைப் பக்கம் மேலக்கால் பி.எம். முருகேசன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் விலை உயர்ந்த மெஷினில் தொடங்கவில்லை. வாழைப்பட்டையைக் கயிறாகத் திரிக்க, சைக்கிள் சக்கரத்தையும் கப்பியையும் வைத்துத் தானே ஓர் இயந்திரம் செய்தார். கயிற்றைப் பெண்கள் கூடையாகவும் பையாகவும் பின்னினார்கள். விற்கிற பொருள் முதலில், அதற்கு வேண்டிய இயந்திரம் பிறகு என்ற வரிசை அது. உங்கள் மகன் போட்டிருக்கும் வரிசை தலைகீழ். கூடை பின்ன ஆளும், வாங்க ஒருவரும் கையில் இருந்தால் வாழையில் இறங்குங்கள். உங்கள் ஒரு ஏக்கர் போதாது. அக்கம்பக்கத்தில் இருபது, முப்பது ஏக்கர் வாழைக்காரர்கள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு மாதம் தார் வெட்டும் முறை வந்தால் மெஷின் சும்மா நிற்காது. நார் எடுக்கும் பயிற்சிக்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அங்கே போய், மெஷினில் உங்கள் கையால் பட்டையைக் கொடுத்துப் பாருங்கள். விற்பவர் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று சொல்வதில் பாதியைப் போட்டுக் கணக்குப் பார்ப்பது நல்லது.

தேங்காய் மட்டை விஷயம் எளிது. உங்கள் மரங்களில் வருடத்துக்கு 15,000 முதல் 20,000 காய் என்று வைத்தால், ஆயிரம் மட்டைக்கு 80 முதல் 100 கிலோ நார், அதைப்போல இரண்டு பங்கு நார்க்கழிவு. மொத்தமும் ஒரு நார் மில்லுக்குச் சில நாள் தீனி. நீங்கள் மில் போட வேண்டாம், மட்டையை விற்றுவிடுங்கள். உங்களுக்கு வேலை இருப்பது நார்க்கழிவில். அதைத் தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடும் ஊடகமாக்கி, ஐந்து கிலோ கட்டியாக அழுத்திப் பொள்ளாச்சிக்காரர்கள் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பார்க்க ஆசையாக இருக்கும். அதில் உப்பை அலசி எடுக்க நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். அலசிய தண்ணீர் நிலத்தடிக்குப் போய் பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கிறது என்ற புகார் அங்கே நெடுநாளாக உண்டு. 2021-ல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த ஆலைகளை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. அனுமதி, கண்காணிப்பு எல்லாம் உண்டு. கோடையில் கிணறு வற்றுகிற உங்கள் வட்டாரத்துக்கு இந்தத் தொழிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் மட்டை வாங்கும் மில்லிலிருந்து நார்க்கழிவைத் திரும்ப எடுத்துவந்து உங்கள் தோட்டத்துக்கே உரமாக்கலாம். பச்சையாகப் போடாதீர்கள். அதில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. மக்குவதற்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கிவிடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து 5 புட்டி, ஓர் அடுக்குக் கழிவு, அதன் மேல் வித்து, அடுத்த அடுக்கு, அதன் மேல் யூரியா என்று மாற்றி மாற்றி நிழலில் அடுக்கி, ஈரம் காயாமல் இரண்டு மாதம். காளான் லிக்னினைத் தின்று, அந்த 112-ஐ 24 அளவுக்குக் குறைத்துவிடும். பழுப்பு நிறம் கறுப்பாகி, கையில் எடுத்தால் மண்வாசனை வந்தால் ஆயிற்று.

பருத்திமார் பற்றி உங்களுக்கு ஏமாற்றமான பதில்தான். எஸ்.வி.பி.ஆர். பருத்தி ரகங்கள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில். பருத்திக்கு இவ்வளவு நெருக்கமான ஊரில் மாரை எரிப்பது எனக்கும் வருத்தம். மாரைப் பொடித்து, பசை கலந்து, சூட்டில் அழுத்தினால் நல்ல பலகை வரும். 1924-ல் தொடங்கிய மும்பை மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்து காட்டி வெகுகாலம் ஆகிறது. தொழில்நுட்பத்தில் குறை இல்லை. ஏக்கருக்குக் கிடைப்பது ஒரு டன் மார். அது வருடத்தில் ஒரு மாதம்தான் கிடைக்கும், வண்டியில் ஏற்றினால் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. பலகை ஆலை வருடம் முழுக்க ஓட வேண்டும். இடையில் சேர்த்து வைக்கும் களத்தில் மழையும் கரையானும். பசையில் ஃபார்மால்டிஹைடு விவகாரம் வேறு. எனவே ரோட்டவேட்டர் அல்லது தூளாக்கும் கருவியை வைத்து வயலிலேயே பொடித்து உழுதுவிடுங்கள். கட்டை எரிபொருள் செய்கிறவர்கள் வந்து எடுத்துப்போனால் இன்னும் நல்லது. மாரை நட்டபடி விட்டுவைக்க மட்டும் வேண்டாம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் தங்கி அடுத்த வெள்ளாமைக்கு வந்துவிடும்.

மகனிடம் ராஜபாளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊர் இந்தத் தொழிலை எப்போதோ ஆரம்பித்துவிட்டது, பயோமெட்டீரியல் என்ற பெயர்தான் வைக்கவில்லை. நூல் மில்லில் சீவும்போது குட்டை இழை ஒதுங்கும், கோம்பர் வேஸ்ட் என்பார்கள். நூலுக்கு ஆகாத அந்தக் குட்டைப் பஞ்சை காஸ்டிக்கில் வேகவைத்து, மெழுகும் எண்ணெயும் போக வெளுத்தால் ஆஸ்பத்திரிப் பஞ்சு கிடைக்கும். சத்திரப்பட்டிப் பக்கம் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்தும் செல்லுலோஸ் எடுத்து, மாத்திரையில் மருந்தைக் கட்டிப்பிடிக்கும் வெள்ளைப்பொடி தயாரிக்கலாம். மேலே பன்னாடைக்குச் சொன்ன சோடா வேலையும் இங்கே பஞ்சை வேகவைப்பதும் ஒரே ரசாயனம். இங்கே தொழில் நின்றதற்குக் காரணம், கழிவு மில் வாசலிலேயே குவிந்தது, வாங்க ஆஸ்பத்திரி இருந்தது. என்ஜினியரிங் படித்த பையனுக்கு, புது மெஷின் வாங்குவதைவிட, இப்படிப்பட்ட ஆலையில் ஒரு வருடம் வேலை பார்ப்பது பெரிய படிப்பு.

கடன் பற்றி: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள திட்டத்துக்கு இடமுண்டு. கிராமப்புறத்தில் பொதுப்பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம் மானியம். விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காக மெஷின் வாங்குகிறவர்கள் அதிகம். இந்த மாவட்டத்தில் மட்டும் இல்லை, எங்கும் தறிக்கொட்டகையிலும் மாட்டுக்கொட்டகையிலும் தூசி படிந்து நிற்கும் மெஷின்களில் பாதி அப்படி வந்தவை. வாங்க ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பாக்குமட்டைத் தட்டு மாதிரி வாழைப்பட்டையில் தட்டு அச்சடிக்கலாம் என்று பேச்சு. வெளிநாட்டுக்கும் அனுப்பலாம் என்கிறார்களே?

— ஒரு வாசகி, வத்திராயிருப்பு

பதில்: பாக்குமட்டை இயல்பிலேயே கெட்டி. ஒரே அடுக்கைச் சூட்டில் அழுத்தினால் தட்டாகிவிடும். வாழைப்பட்டை உள்ளே அறை அறையாக இருப்பது. காய்ந்தால் மெலிந்து, ரசம் ஊற்றினால் ஒழுகும். இரண்டு மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும், ஒட்டும் பசை சாப்பாட்டில் படலாமா என்று பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. தண்டுக் கூன்வண்டுக்காக வாழைத்தண்டில் பூச்சிமருந்தை ஊசியில் ஏற்றுகிறவர்களும் மேலே பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தண்டின் பட்டையில் சோறு போடக் கூடாது. யார் தோட்டத்துத் தண்டு, என்ன மருந்து அடித்தது என்று தெரியாமல் தட்டு செய்யாதீர்கள், பென் ஸ்டாண்டும் பூக்கூடையும் செய்யுங்கள்.

வெளிநாட்டுக் கனவைத் தள்ளிவையுங்கள். 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்குமட்டைத் தட்டில் இருக்கும் இயற்கை ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, அந்தத் தட்டை உணவுக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பல்ல என்று அறிவித்தது. பாக்குத் தட்டு ஏற்றுமதி செய்தவர்கள் அதில் தவித்துப்போனார்கள். விற்பதை உள்ளூரிலேயே பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, கல்யாண மண்டபங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. வாழை இலை கிடைக்கிற ஊரில் தட்டு விற்பது கஷ்டம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் 'தாவரத்தில் செய்தது, மக்கும்' என்று எழுதிப் பை கொடுக்கிறார்கள். தோட்டத்தில் புதைத்தால் மக்குமா?

— ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: தாவரத்தில் செய்தது என்பது ஒன்று, மக்கும் என்பது வேறொன்று. கரும்பிலிருந்து எடுத்த சாராயத்திலிருந்து பாலித்தீனும் செய்யலாம். அது பெட்ரோல் பாலித்தீன் மாதிரியே அப்படியே கிடக்கும். மக்காச்சோள மாவிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலம் மக்கும், ஆனால் 60 டிகிரி அளவு சூடு நிலையாக இருக்கிற பெரிய உரக்கிடங்கில்தான். உங்கள் தோட்டத்து மண்ணில் அந்தச் சூடு வராது, பை வருடக்கணக்கில் கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக் பை செய்கிறவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்று வாங்கி, அதன் விவரத்தைப் பையிலேயே அச்சிட வேண்டும். அது இல்லாத பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.